விரலுக்கு ஏழு விழுக்காடு

சுண்டுவிரல் முழுவதும் போனால் 7 விழுக்காடு. மோதிர விரலுக்கும் அதே 7. நடுவிரலுக்கு 12, ஆள்காட்டி விரலுக்கு 14, கட்டைவிரலுக்கு 30. வேலையில் அடிபட்ட தொழிலாளிக்குச் சம்பாதிக்கும் திறன் எத்தனை விழுக்காடு போயிற்று என்று, 1923-ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை அவர் உடலை இப்படி உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் கணக்கு எழுதியிருக்கிறது. முழங்கை முனையிலிருந்து 11.43 சென்டிமீட்டருக்குக் கீழே கை துண்டானால் 60. அதற்கு மேலே போனால் 70. தோள்முனையிலிருந்து 20.32 சென்டிமீட்டருக்குள்ளேயே துண்டானால் 80. அந்தக் காலத்து நாலரை அங்குலமும் எட்டு அங்குலமும் மெட்ரிக் அளவுக்கு மாறியபோது ஒட்டிக்கொண்ட தசமங்கள் இவை.

மன்னார்குடியில் நான் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். அரிசி ஆலைகளிலும் நெல் கிடங்குகளிலும் செங்கல் சூளைகளிலும் அடிபட்டவர்கள் எங்களிடம் வருகிறார்கள். கட்டுப் பிரித்து, தையல் பிரித்து, கம்பி எடுத்து, மருத்துவமனையில் எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கள் வேலை தொடங்குகிறது. வருகிறவர்களில் பலர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். விபத்துப் பதிவேட்டு நகல், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஊனச் சான்று, வக்கீல் அனுப்பிய கடிதம் என்று எல்லாம் அதற்குள் இருக்கும். "மேடம், இதில் என்னதான் எழுதியிருக்கிறது?" என்று கேட்பார்கள். படித்துச் சொல்லிச் சொல்லியே எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. காயம் பொய் என்று நிரூபிக்கப்பட்டு வழக்கில் தோற்பவர்கள் மிகக் குறைவு. அவர்கள் செய்த வேலை எந்த மருத்துவத் தாளிலும் ஏறாமல் போனதால் தோற்பவர்களே அதிகம்.

நீடாமங்கலம் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை பார்த்தவரின் கையைப் பற்றிச் சொல்கிறேன். சம்பா நெல் வந்து குவியும் மாசி மாதம். வாளி வாளியாக நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடித்தொட்டியில் ஈர நெல் அடைத்துக்கொண்டது. மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். ஆனால் அதை நிறுத்தினால் பின்னால் பாலிஷர் வரை எல்லாம் நிற்கும். ஓட்டம் மறுபடி சீராக நேரமாகும். அதனால் ஓடும்போதே கையை விட்டு நெல்லைத் தள்ளிவிடுவது அங்கே வழக்கம். மேற்பார்வையாளருக்கும் தெரிந்த வழக்கம்தான். மேலேறி வந்த வாளி அவருடைய வலக்கையை அடித்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அங்கேயே போய்விட்டன. மோதிர விரல் நசுங்கியது.

ஆலை வண்டியிலேயே அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் எப்போதும் நடப்பது இதுதான்: அடிபட்டவர் வலியில் துடித்துக்கொண்டிருப்பார், கூட வந்தவர் பேசுவார். பணி மருத்துவர் ஒரு பக்கம் ரத்தத்தை நிறுத்திக்கொண்டே "எப்படி ஆயிற்று?" என்று கேட்பார். பதில் யார் வாயிலிருந்து வருகிறதோ அது பதிவேட்டில் ஏறும். அன்று பதில் சொன்னவர் ஆலையிலிருந்து வந்த மேற்பார்வையாளர். "வீட்டில் கிரைண்டரில் கை மாட்டிக்கொண்டதாகக் கூறப்படுகிறது" என்று விபத்துப் பதிவேட்டில் எழுதப்பட்டது. மருத்துவர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டதை எழுதினார். 'கூறப்படுகிறது' என்ற சொல்லையும் சேர்த்தே எழுதினார். ஆனால் வழக்கு வந்தபோது அந்த ஒரு வரியைத்தான் எதிர்த்தரப்பு முதல் ஆவணமாகக் குறியிட்டது. வேலை செய்யும் இடத்தில் விபத்தே நடக்கவில்லை என்றது. அவர் எங்கள் ஆளே இல்லை, மேஸ்திரியின் ஆள் என்றும் சொன்னது. மேஸ்திரி மூலம் வந்தவரானாலும் முதன்மை முதலாளிக்குப் பொறுப்பு உண்டு என்று சட்டம் தெளிவாகவே சொல்வதால் இரண்டாவது வாதம் நிற்கவில்லை. முதலாவது பலமாக நின்றது.

அவரைக் காப்பாற்றியது வேறொரு தாள். அறுவை சிகிச்சைக் குறிப்பு என்று ஒன்று உண்டு. அறுவை முடிந்ததும் சர்ஜன் தன் கையால் எழுதுவது. நோயாளிக்கு யாரும் தருவதில்லை, அவரும் கேட்பதில்லை. கேஸ் ஷீட்டின் நடுவே கிடக்கும். முழு கேஸ் ஷீட்டின் நகலையும் வாங்குங்கள் என்று நான் சொன்னதன் பேரில் அவர் மனைவி எழுதிக் கொடுத்து வாங்கி வந்தார். அதில் நான்கு வரிக் குறிப்பு. மூன்றாவது வரி: காயத்துக்குள் நெல் உமியும் கறுப்பு மசகும் இருந்தன, உப்புநீர் கொண்டு பலமுறை கழுவப்பட்டது. வீட்டு கிரைண்டரில் ஊறிய அரிசியும் உளுந்தும் இருக்கும். உமி எப்படி வரும்? அந்த சர்ஜனுக்கு அன்றைக்கு வழக்கும் தெரியாது, ஆலையும் தெரியாது. காயத்தைக் கழுவியவர், கழுவியதில் என்ன வந்தது என்று எழுதி வைத்தார். யாருக்கும் சாதகமாக எழுதப்படாத வரி என்பதாலேயே, வழக்கை விசாரித்த இழப்பீட்டு ஆணையர் அதை முழுமையாக நம்பினார்.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை பெற்றவருக்குத் தன் மருத்துவ ஆவணங்களின் நகலைக் கேட்கும் உரிமை இருக்கிறது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள், உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. இழப்பீடு கோர இரண்டு ஆண்டு அவகாசம் இருப்பதால், சிலர் சமாதானப் பேச்சிலேயே காலத்தை ஓட்டிவிட்டுக் கடைசி மாதத்தில் ஆவணம் தேடுகிறார்கள். அதற்குள் பல தாள்கள் கட்டோடு கட்டாகக் கிடங்குக்குப் போயிருக்கும்.

மது விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விபத்து நேரத்தில் தொழிலாளி போதையின் பிடியில் இருந்தார், விபத்துக்கு அதுவே நேரடிக் காரணம் என்று நிரூபித்தால் முதலாளி பொறுப்பிலிருந்து விலகலாம். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் மட்டும் இந்த விலக்கு பொருந்தாது. ஆகவே பதிவேட்டில் 'வாயில் மது வாடை' என்று ஒரு சொல் இருந்தால் போதும், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். வலி தாங்க முடியாமல் அலறுபவருக்கு வழியிலேயே வாங்கி ஊற்றிவிடும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். வாடை என்பது குடித்ததற்கு அடையாளம். எப்போது குடித்தார் என்பதை அது சொல்லாது, நிதானம் இழந்தார் என்பதையும் சொல்லாது. பேச்சு தெளிவாக இருந்ததா, நடை தள்ளாடியதா, கண்மணி எப்படி இருந்தது, ரத்தம் எடுக்கப்பட்டதா என்று எழுதினால்தான் அது மருத்துவச் சான்று. வாடையை மட்டும் எழுதி விட்டுவிடுவது தொழிலாளிக்கும் அநீதி, உண்மையில் நிதானமில்லாத ஆளால் நேர்ந்த விபத்துக்குப் பொறுப்பேற்க வேண்டிவரும் முதலாளிக்கும் அநீதி.

அதே பதிவேட்டில் வயது என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதையும் கூட வந்தவர்தான் குத்துமதிப்பாகச் சொல்வார். "நாற்பத்தைந்து இருக்கும் சார்." இழப்பீட்டுக் கணக்கில் வயதுக்கு ஒரு காரணி உண்டு. 40 வயதுக்கு 184.17, 45 வயதுக்கு 169.44. நிரந்தர முழு ஊனத்துக்கு, மாதச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை அந்தக் காரணியால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து 15,000 ரூபாய் உச்சவரம்பு. ஆக 9,000-ஐ 184.17-ஆல் பெருக்கினால் 16,57,530 ரூபாய். 45 வயது என்று எழுதிவிட்டால் 15,24,960. யாரோ ஒருவர் அவசரத்தில் சொன்ன ஐந்து வயதின் மதிப்பு 1,32,570 ரூபாய்.

இந்தக் கணக்கை வேறு விதமாகவும் பார்க்க வேண்டும். பகுதி ஊனம் என்றால், முழு ஊனத்துக்கான தொகையில் எத்தனை விழுக்காடு என்பதுதான் கேள்வி. நாற்பது வயதுக்காரருக்கு ஒவ்வொரு விழுக்காடும் 16,575 ரூபாய். ஒரு மருத்துவர் 15 என்று எழுதுகிறார், இன்னொருவர் 45 என்று எழுதுகிறார் என்றால் நடுவில் ஏறக்குறைய ஐந்து லட்சம் நிற்கிறது. பேனாவை எடுக்கும் மருத்துவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு தெரியும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆலைத் தொழிலாளியின் கைக்கு முதலில் கிடைத்த சான்று 20 விழுக்காடு. அட்டவணைப்படி சரிதான், ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்குத் தனி வரியில் 20 என்று அச்சில் இருக்கிறது. ஆனால் மோதிர விரல் அந்தச் சான்றில் வரவே இல்லை. அது போகவில்லையே, கையில்தானே இருக்கிறது! எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது, தோல் ஆறிவிட்டது. நான் கோணமானியை வைத்து அளந்தேன். இரண்டு நீளமான பிளாஸ்டிக் தகடுகளை நடுவில் ஆணியடித்துச் சேர்த்தது போன்ற எளிய கருவி அது. ஒரு தகட்டை விரலின் அடிக்கணு மேலும் இன்னொன்றை நடுக்கணு மேலும் வைத்து விரலை மடக்கச் சொல்ல வேண்டும். நல்ல விரலின் நடுமூட்டு நூறு பாகை அளவுக்கு மடங்கும். அவருடைய மோதிர விரல் நாற்பதில் நின்றுவிட்டது. நான் கையால் அழுத்தினாலும் அதற்கு மேல் போகவில்லை. அதாவது தசைநார் இழுக்காதது மட்டும் கோளாறு இல்லை, மூட்டே இறுகிவிட்டிருக்கிறது. துண்டான ஆள்காட்டி விரலின் நுனியில் பேனா முனையால் மெல்லத் தட்டினேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அறுபட்ட நரம்பின் முனை அங்கே முடிச்சாகத் திரண்டிருக்கிறது. தொட்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்கும்.

கை எப்படிப் பிடிக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஊசியைப் பிடிக்க, பேனா பிடிக்க, பூத்தொடுக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வேண்டும். மண்வெட்டியை, கயிற்றை, மூட்டையில் மாட்டிய கொக்கியை விடாமல் பிடிக்க மோதிர விரலும் சுண்டுவிரலும் வேண்டும். வலுவான பிடியின் பெரும்பங்கு உள்ளங்கையின் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அட்டவணை அந்த இரண்டுக்கும் ஆளுக்கு 7 விழுக்காடு போட்டுவிட்டது. அலுவலக எழுத்தருக்கு அது போதுமானதாகக்கூட இருக்கலாம். கொக்கி போட்டு மூட்டை இழுப்பவருக்கு அந்த விரல்கள்தான் சோறு. பிடிவலு அளக்கும் கருவியை அவர் இடக்கையில் கொடுத்தபோது முள் 36 கிலோவைத் தொட்டது. வலக்கையில் 9. அவர் வலக்கைப் பழக்கக்காரர். இந்த ஒரு செய்தி, அவருடைய பையிலிருந்த தாள்களில் ஒன்றில்கூட இல்லை.

உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி எப்போதோ பேசிவிட்டது. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா என்ற வழக்கு, 1975 டிசம்பரில் தீர்ப்பானது. ஒரு தச்சருக்கு இடக்கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. அட்டவணையைப் பார்த்தால் 70 விழுக்காடு. ஆனால் தச்சு வேலை ஒற்றைக் கையால் நடக்காது, ஆகவே அவர் செய்துவந்த வேலையைப் பொறுத்தவரை ஊனம் முழுமையானது என்று ஆணையர் முடிவு செய்தார். நான்கு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை உறுதிப்படுத்தியது. அதே தீர்ப்புதான் இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கொடுபடத் தக்கதாகிறது என்றும் சொன்னது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காமல் இழுத்தடித்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேர்கிறது, தக்க காரணம் இல்லையென்றால் 50 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கலாம். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய தீர்ப்பு இது. இன்றும் சான்று எழுதும் பலர் அட்டவணையைப் பார்த்து எண்ணை நகலெடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் விரிவாகப் பிரித்துக் காட்டியது. அது சாலை விபத்து வழக்கு. ஆனாலும் எல்லா இழப்பீட்டு மன்றங்களிலும் மேற்கோள் காட்டப்படுகிறது. உடலின் ஊன விழுக்காடு வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு. முதலாவதை மருத்துவர் சொல்லலாம், இரண்டாவதை அந்த ஆளின் வேலை, வயது எல்லாம் பார்த்து மன்றம்தான் தீர்மானிக்க வேண்டும் என்றது. பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது. அட்டவணையில் வராத காயங்களுக்குச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதையே தகுதி பெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்று இந்தச் சட்டம் கேட்கிறது. கேட்பது ஒன்று, மருத்துவர் எழுதிக் கொடுப்பது இன்னொன்று. மூட்டு இத்தனை பாகை மடங்குகிறது, ஊனம் இத்தனை விழுக்காடு என்று கையெழுத்து போட்டுவிடுகிறார். அந்த ஆள் என்ன வேலை செய்தார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வழக்குக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சான்று நலத்திட்டங்களுக்காக எழுதப்படுவது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 40 விழுக்காடு என்ற வரம்பை எட்டுகிறாரா என்பதே அங்கே முக்கியக் கேள்வி. அதில் 38 என்று வந்துவிட்டால், இவருக்குச் சம்பாதிக்கும் திறனும் 38 விழுக்காடுதான் குறைந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும். பயன் வேறு, அளவுகோல் வேறு.

ஆலைத் தொழிலாளிக்காக நான் ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். என் குறிப்பு சட்டப்படி மருத்துவர் சான்று ஆகாது. ஆனால் சிகிச்சை அளித்த சர்ஜனிடம் கொண்டுபோய்க் காட்டலாம் அல்லவா? எலிவேட்டர் பக்கத்தில் அவர் செய்த வேலை என்ன, ஒரு ஷிப்டில் எத்தனை மூட்டை நகர்த்துவார், எந்தக் கையால் கொக்கி பிடிப்பார், மோதிர விரல் எந்தக் கோணத்தில் நிற்கிறது, இரு கைகளின் பிடிவலு எவ்வளவு என்று எழுதி, கீழே அளந்த கருவிகளின் பெயரையும் போட்டுக் கொடுத்தேன். சர்ஜன் கோபித்துக்கொள்ளவில்லை. "இதை முன்பே சொல்லியிருக்கலாமே அம்மா" என்று தொழிலாளியின் மனைவியிடம் சொல்லிவிட்டு மறுபடி கையைப் பரிசோதித்தார். புதிய சான்றில், இறுகிய மோதிர விரலையும் நரம்பு முடிச்சையும் சேர்த்து, பளு தூக்கும் வேலைக்கு வலக்கை பயன்படாது, ஒரு கையால் செய்யக்கூடிய இலகுவான வேலை மட்டுமே செய்யலாம் என்று எழுதினார். வழக்கு திருச்சியில் நடந்தது. அரை மணி நேரம் சர்ஜனைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். அவர் தன் சான்றிலிருந்து நகரவில்லை. நகர வேண்டிய அவசியமும் இல்லை, ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் அளவு இருந்தது. ஆணையர் 20-ஐ ஏற்காமல் 50 விழுக்காடு என்று தீர்மானித்தார்.

சர்ஜன் சாட்சி சொல்ல வந்தாரே, அதுவே பெரிய விஷயம். சிகிச்சை அளித்த மருத்துவர்கள் வருவதில்லை என்பதுதான் பொதுவான புலம்பல். காலையில் சம்மன், மாலை வரை வராந்தாவில் காத்திருப்பு, கடைசியில் வாய்தா. எந்த மருத்துவர் இரண்டாம் முறை வருவார்? அவர் மன்றத்தில் காத்திருக்கும் நேரத்தில் எத்தனையோ அறுவை சிகிச்சைகள் செய்திருக்கலாம் என்று 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பே வருந்தியிருக்கிறது. மருத்துவர்களுக்குக் குறிப்பிட்ட நேரம் ஒதுக்கி விசாரிக்கச் சொல்கிறது. அவர்கள் வராத இடத்தை யார் நிரப்புகிறார்கள்? காயம்பட்டவரை ஒரு நாளும் பார்த்திராமல், வழக்குக்கென்றே சான்று எழுதிக் கொடுப்பவர்கள் நிரப்புகிறார்கள். அவர்களுடைய சாட்சியத்தை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அப்படிப்பட்ட சான்றை வாங்கிவரும் தரகர்கள் நம் ஊர்களிலும் உண்டு. 60, 70 என்று வாய்க்கு வந்த எண்ணைப் போடுகிறார்கள். அந்த எண் உடையும்போது உண்மையான 30-உம் சேர்ந்தே உடைகிறது. "டாக்டர் முன்னால் கையை அசைக்காதே" என்று சொல்லிக்கொடுத்து அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கடுமையாகவே பேசியிருக்கிறேன். சட்டையைப் பொத்தான் போடும்போது அசையும் விரல், பரிசோதனையின்போது மட்டும் அசையாமல் இருந்தால் எந்த மருத்துவருக்கும் அது தெரியும்.

முதலாளியோ காப்பீட்டு நிறுவனமோ தங்கள் செலவில் ஒரு மருத்துவரைக் கொண்டு பரிசோதிக்க அழைத்தால் போகத்தான் வேண்டும். மறுத்தால் இழப்பீட்டு உரிமை நிறுத்திவைக்கப்படும். பயப்பட ஒன்றுமில்லை. எல்லா ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு போகட்டும். என்னென்ன பரிசோதித்தார், எவ்வளவு நேரம் பார்த்தார் என்று வெளியே வந்ததும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளட்டும். கையைத் தொட்டே பார்க்காமல் 10 விழுக்காடு எழுதப்பட்டிருந்தால் அந்தக் குறிப்பு உதவும்.

விரலைவிட முதுகு கடினம். விரல் போனதை யாரும் மறுக்க முடியாது. முதுகுவலியை எல்லாரும் மறுக்கலாம். தனியார் கிடங்கில் சுமை தூக்கும் ஒருவர், வயது நாற்பதுகளின் நடுவில். சிறு வயதிலிருந்தே மூட்டை. மூட்டைகளை அடுக்கும் அட்டி உயர உயரப் பலகையில் ஏறி மேலே கொண்டுபோய்ப் போட வேண்டும். ஒரு நாள் பலகையில் கால் வழுக்கியது. விழவில்லை, மூட்டையோடு உடம்பை முறுக்கி நின்றுவிட்டார். இடுப்பில் ஏதோ அறுந்தாற்போல் இருந்தது என்றார். மறுநாள் இடது காலில் கெண்டைக்காலிலிருந்து சுண்டுவிரல் வரை மரத்துப்போயிற்று. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அறிக்கையில் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளில் பலவற்றில் தேய்மானம், இடுப்பின் கடைசி வட்டில் பிதுக்கம் என்று இருந்தது. எதிர்த்தரப்பு தேய்மானம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. இது வயதால் வருவது, விபத்து இல்லை.

நேர்மையாகச் சொன்னால், எம்.ஆர்.ஐ. மட்டும் இந்தத் தகராறைத் தீர்க்காது. வலியே இல்லாத நாற்பது வயதுக்காரரைப் படமெடுத்தாலும் வட்டுத் தேய்மானம் தெரிவது சாதாரணம். படம் இருபக்கமும் வெட்டும். ஆகவே படத்துக்கு வெளியே பார்க்க வேண்டும். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் இடது காலைத் தூக்கினேன். முப்பது பாகையிலேயே பாதம் வரை சுரீர் என்றது. வேறொரு பேச்சுக் கொடுத்து, நாற்காலியில் உட்கார வைத்துப் பாதத்தைப் பார்ப்பதுபோல் காலை நீட்டினேன். அப்போதும் முதுகைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். நடிப்பவர்களால் இரண்டையும் ஒத்துப்போகச் செய்வது கடினம். குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினால் வலது பாதம் துள்ளியது, இடது பாதம் அசையவில்லை. அனிச்சைச் செயலை யாரும் விரும்பி எளிதில் நிறுத்த முடியாது. கெண்டைக்கால் சுற்றளவை அளந்தால் இடதுபக்கம் மெலிந்திருந்தது. கடைசி வட்டு பிதுங்கினால் எந்த நரம்பு நசுங்குமோ, அந்த நரம்பின் வேலைகள்தான் இவை எல்லாம். இதோடு, விபத்துக்கு முந்தின நாள் வரை அவர் முழுக்கூலி வாங்கியதற்குக் கிடங்கின் கூலி நோட்டே சாட்சி.

சட்டமும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. நம் சட்டத்துக்கு மூலமான இங்கிலாந்துச் சட்டத்தின் கீழ் 1910-ல் ஒரு வழக்கு வந்தது. மகாதமனி வீங்கி, தூங்கும்போதுகூட வெடிக்கலாம் என்ற நிலையில் இருந்த ஒரு தொழிலாளி ஸ்பானரால் நட்டை முறுக்கியபோது அது வெடித்து இறந்துபோனார். நோய் முன்பே இருந்தாலும், வேலையின் சிறு முயற்சி அதை வெடிக்கச் செய்திருந்தால் அது வேலையில் நேர்ந்த விபத்தே என்று, அப்போது அங்கே உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. நெடுந்தூரம் லாரி ஓட்டிவந்து மயங்கி விழுந்து இறந்த ஓட்டுநரின் குடும்பத்துக்கு 2012-ல் நம் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கியதும் இதே வழியில்தான். வேலைக்கும் பாதிப்புக்கும் தொடர்பு இருக்க வேண்டும், அதைக் காட்டச் சான்று வேண்டும். வேலை மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் கேட்கவில்லை.

1923-ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. விரல்களின் கணக்கும் மருத்துவர் மதிப்பீடும் அதிலும் தொடர்கின்றன. சுமைதூக்குபவரின் விபத்து அதற்கு முந்தையது, பழைய சட்டத்தின்படியே விசாரணை.

அவருக்குச் சிகிச்சை அளித்த எலும்பு மருத்துவரைக் கூண்டில் ஏற்றியபோது எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். இப்படிப்பட்ட வட்டுத் தேய்மானம் வயதாலும் வருமா? வரும் என்றார் மருத்துவர். அவர் சொன்னது உண்மை. அத்தோடு உட்கார்ந்துவிட்டார் வக்கீல். வழக்கமாக இங்கேதான் எல்லாம் முடிந்துபோகும். இந்த முறை தொழிலாளியின் வக்கீல் மறுவிசாரணைக்கு எழுந்தார். கெண்டைக்கால் அளவும் குதிகால் அனிச்சையும் குறித்த தாளை மருத்துவர் கையில் கொடுத்து, முந்தின நாள் வரை மூட்டை தூக்கியவருக்கு மறுநாளே கால் மரத்துப்போனதற்குக் காரணம் என்ன என்று கேட்டார். தேய்மானம் முன்பே இருந்திருக்கும். அன்று மூட்டையோடு உடம்பை முறுக்கியதில் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியிருக்கிறது என்பதே என் கருத்து, இனி இவர் மூட்டை தூக்கக் கூடாது என்று மருத்துவர் பதில் சொன்னார். ஆணையர் அதை வார்த்தைக்கு வார்த்தை வாக்குமூலத்தில் எழுதவைத்தார். வழக்கு இப்போது உத்தரவுக்காக நிற்கிறது.